அசிமோவின் ‘வாக்குரிமை’யும் அமெரிக்க வாக்காளனும்

ஐக்கிய அமெரிக்காவின் தேர்தல் முறைபற்றி அரசியல் விஞ்ஞானிகள் எழுதிக் குவித்தவை ஒரு நூலகத்தை நிரப்பப் போதுமானவை. ஆயினும் அம்முறையின் உள்ளார்ந்த முரண்பாட்டை அறிய விரும்பும் மாணவனொருவனுக்கு, அந்நூல்களைத் தொடுமுன்னர் ஒரு சிறுகதையை வாசிக்கும்படியே நான் கூறுவேன். ஐசாக் அசிமோவ் எழுதி, 1955ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாத ‘இஃப்’ சஞ்சிகையில் வெளிவந்த ‘பிரான்சைஸ்’ என்பதே அக்கதை. 1957இல் அவருடைய தொகுதியொன்றிலும் அது இடம்பெற்றது. தலைப்பைத் தமிழில் ‘வாக்குரிமை’ எனலாம். மூலச்சொல் சுதந்திரம் என்னும் பொருளிற் பிறந்து, பின் வாக்களிக்கும் உரிமையைக் குறித்து, இன்று கோழிப்பொரியற் கடையொன்றின் பெயரைப் பயன்படுத்த வாங்கும் அனுமதியையும் குறிக்கும் அளவுக்கு வந்து நிற்கிறது. சொற்களுக்கும் வரலாறு உண்டு.

விஞ்ஞானக் கதைகளை இலக்கியமாகக் கொள்ளத் தயங்குவோர் நம்மிடையே இன்றும் உளர். அத்தயக்கம் முற்றிலும் ஆதாரமற்றதன்று; பல விஞ்ஞானக் கதைகளில் மனிதர் கருத்துக்களைத் தாங்கி நடக்கும் பொம்மைகளாகவே வருகின்றனர். அசிமோவும் இக்குறைக்கு விலக்கானவரல்லர். ஆனால் இக்கதையில் அக்குறையே ஒருவகையிற் பொருத்தமாகிவிடுகிறது. ஏனெனில், மனிதன் ஒரு தரவாகச் சுருங்குவதே இங்கு பொருளாகும்.

கதையை நோக்குவோம். ஆண்டு 2008. இந்தியானா மாநிலத்தின் புளூமிங்ரன் நகரில் ஒரு கடைச் சிப்பந்தியாகத் தொழில்புரியும் நோர்மன் முல்லர், மனைவி சாரா, பத்து வயது மகள் லிண்டா, சாராவின் தந்தை மத்தியூ ஆகியோருடன் வாழ்கிறான். அக்காலத்து அமெரிக்காவில் மக்கள் வாக்குச்சாவடிக்குச் செல்வதில்லை. மல்ரிவக் என்னும் மாபெருங் கணனி நாட்டைப் பற்றிய எண்ணிறந்த தகவல்களைத் தன்னுள்ளே கொண்டு, அந்த ஆண்டுக்குரிய ஒரேயொரு வாக்காளனைத் தெரிவுசெய்யும். அவன் நாட்டின் அறிவாளியாகவோ வல்லவனாகவோ இருக்கவேண்டியதில்லை. அவ்வாண்டிற்கு மிகச் சிறந்த பிரதிநிதித்துவத் தன்மை உடையவனாக இருந்தாற் போதும். அவனிடமிருந்து பெறப்படும் விடைகளைக்கொண்டு நாட்டின் தேர்தல் முடிவுகள் அனைத்தையும் கணனி கணித்துவிடும்.

நோர்மன் தெரிவாகிறான். இரகசியச் சேவை உத்தியோகத்தர் வீட்டுக்கு வருகிறார். சாராவுக்குப் பெருமை, பேரும் வசதியும் கிட்டுமென்ற எதிர்பார்ப்பு. நோர்மனுக்கோ அச்சம். தெரிவாகும் ஆட்சி கெட்டதாக அமைந்தால் நாடு முழுவதும் தன்னையே ஏசுமென அவன் கலங்குகிறான். அவனை ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, உடலிற் கருவிகளைப் பொருத்தி, ஏறக்குறைய மூன்று மணிநேரம் வினாக்கள் தொடுக்கின்றனர். அவற்றுள் ஒன்று, முட்டை விலையைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்பது. மல்ரிவக்கை அவன் கண்ணாற் காண்பதுமில்லை. எல்லாம் முடிந்தபின் அவன் நெஞ்சில் அச்சம் அகன்று தேசப்பற்றுப் பொங்குகிறது. தன் மூலமாக ஒரு மாபெரும் நாட்டின் மக்கள் தமது வாக்குரிமையைத் தங்குதடையின்றிப் பிரயோகித்துவிட்டனர் என்ற பெருமிதத்தோடு அவன் நிற்கையிற் கதை முடிகிறது.

இக்கதையைக் கணனியின் ஆதிக்கத்தைப் பற்றிய அங்கதமாக வாசிப்பதே வழமை. அதற்குக் காரணமும் உண்டு. 1952 நவம்பர் 4ஆந் திகதி இரவு, சீ.பீ.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் யுனிவக் என்னும் கணனியைக்கொண்டு தேர்தல் முடிவை எதிர்வுகூற முயன்றது. எண்ணப்பட்ட வாக்குகள் மிகச் சிலவாக இருந்த வேளையிலேயே, ஐசன்ஹோவர் 438 தேர்வாளர் வாக்குகளுடன் பெருவெற்றி பெறுவார் என யுனிவக் கூறிற்று. ஸ்ரீவன்சனுக்கும் அவருக்குமிடையே கடும் போட்டி நிலவுமென எதிர்பார்த்திருந்தோர் இதனை நம்பவில்லை. கணிப்பை உடனே ஒலிபரப்பவுமில்லை. இறுதியில் ஐசன்ஹோவர் பெற்றவை 442. மனிதர் தயங்கிய இடத்தில் இயந்திரம் சரியாகச் சொன்ன அந்த இரவு அமெரிக்கர் மனத்தில் ஆழப் பதிந்தது. மூன்றாண்டுகளின் பின் அசிமோவின் கதை வருகிறது.

ஆயின் யுனிவக்கோடு மட்டும் இக்கதையைத் தொடர்புபடுத்துவது போதாது. அதற்கு முன்பே, 1936இல், ‘லிற்றறரி டைஜெஸ்ற்’ என்னும் சஞ்சிகை இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் கருத்துக்கேட்டு, லண்டன் என்னும் குடியரசுக் கட்சி வேட்பாளர் வெல்வாரெனக் கூறித் தலைகுனிந்தது. அதனினும் மிகச் சிறிய, ஆனால் கவனமாகத் தெரிந்தெடுத்த ஒரு மாதிரியைக் கொண்டு ஜோர்ஜ் கலப், ரூஸ்வெல்ற் வெல்வாரெனச் சரியாக உரைத்தார். தொகை அன்று, தெரிவே முக்கியம் என்னும் பாடம் அன்றே கற்கப்பட்டுவிட்டது. மாதிரி சிறுத்துச் சிறுத்து இறுதியில் ஒருவனாக நின்றாற்றான் என்ன என்று அசிமோவ் கேட்கிறார். அவர் செய்திருப்பது கற்பனைப் பாய்ச்சலன்று. ஏற்கெனவே நடைமுறையிலிருந்த தருக்கமொன்றை அதன் கடைசிப் படிவரை இறங்கச் செய்ததே.

கலை நுட்பத்தைப் பொறுத்தவரை கதையிற் குறைகள் வெளிப்படை. முன்பு தேர்தல்கள் எவ்வாறு நடந்தன என்பதைப் பாட்டனார் மத்தியூ பேர்த்திக்கு விளக்கும் பகுதி, வாசகனுக்கு வேண்டிய தகவலை ஊட்டுவதற்காகவே அமைக்கப்பட்டது என்பதை மறைக்க ஆசிரியர் அதிகம் முயலவில்லை. சாரா, பேராசை கொண்ட மனைவி என்னும் பழைய அச்சில் வார்க்கப்பட்டவள். ஆயினும் நோர்மனின் மனமாற்றம் உண்மையானது. அதிகாரம் தன்னிடமிருந்து பறிக்கப்பட்ட அதே கணத்தில், தானே அதிகாரம் செலுத்தியதாக ஒரு மனிதன் மகிழ்வதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய கதைகள் அதிகமில்லை. ஆசிரியர் அவனை நகையாடுவதுமில்லை; அவனுடைய பெருமிதத்தை அவனுடைய மொழியிலேயே விட்டுவிடுகிறார்.

இவ்விடத்தில் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நோர்மனிடம் எவருக்கு வாக்களிக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. தமிழில் வாக்கு என்பது சொல்லுமாகும். வாக்குக் கொடுத்தல், வாக்குத் தவறாமை என்றெல்லாம் வழங்குகிறோம். ஒருவன் தன் பொறுப்பிற் சொல்லும் சொல் அது. நோர்மன் அத்தகைய சொல் எதனையும் சொல்லவில்லை. நோயாளி வாய்திறந்து கூறுவதை விடுத்து வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல, அவனிடமிருந்து ஏதோ அளந்தெடுக்கப்படுகிறது. சம்பவம் வைத்தியசாலையில் நடப்பது தற்செயலன்று என்றே கருதுகிறேன். அபிப்பிராயம் என்பது ஒருவனிடம் உள்ளது. வாக்கு என்பது ஒருவன் செய்வது. முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவது நிகழ்ந்துவிட்டதாகக் கூறுவதே மல்ரிவக்கின் மோசடி. அந்த மோசடிக்குக் கணனி தேவையில்லை என்பதுதான் அமெரிக்கத் தேர்தல் வரலாறு நமக்குக் காட்டுவது.

அமெரிக்க ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவதில்லை. மாநிலவாரியாகப் பங்கிடப்பட்ட 538 தேர்வாளர்களைக் கொண்ட குழாமே தெரிகிறது. 270 பெற்றவர் வெல்வார். மெயின், நெப்ராஸ்கா ஆகிய இரண்டும் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும், ஒரு வாக்கு அதிகமாகப் பெற்றவருக்கும் அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் சேர்வர். இதன் விளைவு யாது? எக்கட்சி வெல்லும் என்பது முன்கூட்டியே நிச்சயமான மாநிலங்களில் வேட்பாளர் காலடி வைப்பதேயில்லை. 2024இல் அரிசோனா, ஜோர்ஜியா, மிச்சிகன், நெவாடா, வட கரோலினா, பென்சில்வேனியா, விஸ்கொன்சின் ஆகிய ஏழு மாநிலங்களே களமாயின. பிரசாரக் கூட்டங்களிற் பெரும்பாலானவை அங்கேயே நடந்தன. அவ்வேழு மாநிலங்களிலும் எவ்வகைக் குடும்பம், எவ்வகைத் தொழிலாளி, எவ்வகை இளைஞன் மனந்தடுமாறி நிற்கிறான் என்பதைக் கருத்துக்கணிப்பாளர் தேடித் திரிந்தனர். முட்டை விலை அத்தேர்தலில் உண்மையாகவே ஒரு பேச்சாக இருந்தது என்பதை இக்கதையை வாசிப்பவர் நினைவுகூராமல் இருக்கவியலாது.

எண்களைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டு அல் கோர் நாடு முழுவதிலும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் அதிகமாகப் பெற்றார். புளோரிடாவில் 537 வாக்குகளால் ஜனாதிபதிப் பதவியை இழந்தார். 2016இல் ஹிலாரி கிளின்ரன் ஏறத்தாழ 28 இலட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். மிச்சிகன், விஸ்கொன்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்றிலும் அவர் பின்தங்கிய வாக்குகளின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 78,000. 2020இல் ஜோ பைடன் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 70 இலட்சம் வாக்குகளால் முந்தியிருந்தும், அரிசோனா, ஜோர்ஜியா, விஸ்கொன்சின் மூன்றிலுமாக அவருக்கிருந்த வித்தியாசம் 43,000 வரையிலேயே. அவை மறுபுறம் சாய்ந்திருப்பின் இரு வேட்பாளரும் 269 தேர்வாளர்களுடன் சமமாக நின்றிருப்பர். நோர்மன் முல்லர் ஒருவனல்லன். சில பத்தாயிரம் பேர். வித்தியாசம் அவ்வளவே. அவர்களைத் தெரிந்தெடுத்ததும் அவர்களுடைய தகுதியன்று. மாநில எல்லைகள் எங்கே விழுந்தன என்பதே.

இம்முறை சிறு மாநிலங்களின் நலங்காக்க ஏற்படுத்தப்பட்ட ஞானமான ஏற்பாடு என்று பாடநூல்கள் கூறுவதுண்டு. உண்மை அவ்வளவு தூய்மையானதன்று. 1787ஆம் ஆண்டு பிலடெல்பியா மாநாட்டில், மக்களே நேரடியாகத் தெரிதல் மிகப் பொருத்தமானதென ஒப்புக்கொண்ட ஜேம்ஸ் மடிசன், வாக்குரிமையற்ற அடிமைகளைப் பெருந்தொகையாகக் கொண்ட தென்மாநிலங்களுக்கு அதில் இடர்ப்பாடு உண்டென்பதையும் எடுத்துரைத்தார். அடிமையொருவனை ஐந்தில் மூன்று பங்கு மனிதனாகக் கணக்கிட்டுப் பிரதிநிதிகள் சபை ஆசனங்களைப் பங்கிடும் ஏற்பாடு அம்மாநாட்டிலேயே செய்யப்பட்டது. தேர்வாளர் தொகை அவ்வாசனங்களோடு பிணைக்கப்பட்டது. வாக்களிக்க முடியாத மனிதனின் உடல், அவனை உடைமையாக வைத்திருந்தவனின் வாக்குக்குப் பாரம் சேர்த்தது. அரசியலமைப்பின் முதல் 36 ஆண்டுகளுள் 32 ஆண்டுகள் வேர்ஜீனியாவைச் சேர்ந்தவர்களே ஜனாதிபதிகளாக இருந்தனர் என்பதை இதனோடு சேர்த்து நோக்குதல் தகும். ஒருவனை எண்ணுவதும் அவனைக் கேட்பதும் வேறுவேறு என்பதை மல்ரிவக் பிறப்பதற்கு 168 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கா கண்டுபிடித்துவிட்டது.

இங்கேதான் அசிமோவின் கதை மீது எனக்குள்ள பிரதான குறை எழுகிறது. பாட்டனார் மத்தியூ, முன்னொரு காலத்தில் எல்லோரும் வாக்களித்தனர் என்று ஏக்கத்தோடு கூறுகிறார். கதையின் முழு அங்கதமும் இந்த ஏக்கத்தின் மீதே நிற்கிறது. பொற்காலம் ஒன்று இருந்து பின் இழக்கப்பட்டது என்பதே அதன் கட்டுக்கோப்பு. ஆனால் கதை எழுதப்பட்ட காலத்தில் எல்லோரும் வாக்களித்தனரா?

கதையைத் தாங்கிய சஞ்சிகை இதழ் ஓகஸ்ற் 1955க்குரியது. அதே ஓகஸ்ற் மாதம் 13ஆந் திகதி, மிசிசிப்பி மாநிலத்தின் புரூக்ஹேவன் நகரில் நீதிமன்றக் கட்டிடத்தின் புற்றரையில், லமார் சிமித் என்னும் 63 வயதுக் கறுப்பின விவசாயி பட்டப்பகலில் சுட்டுக்கொல்லப்பட்டார். முதலாம் உலகப் போரிற் பணியாற்றியவர். கறுப்பின மக்களை வாக்களிக்கத் தூண்டினார் என்பதே அவர் செய்த குற்றம். மூவர் கைதாயினர், சாட்சி சொல்ல எவரும் முன்வராமையால் வழக்கே தொடரப்படவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் அதே மாநிலத்தின் பெல்சோனியில், வாக்காளர் பதிவுக்காக உழைத்த ஜோர்ஜ் லீ என்னும் போதகர் கொலையுண்டார். எழுத்தறிவுச் சோதனை, வாக்குவரி, வேலைநீக்கம், துவக்கு ஆகிய நான்கும் சேர்ந்து தென்மாநிலங்களில் வாக்காளரைத் தெரிந்துகொண்டிருந்தன. அவையும் ஒரு மல்ரிவக்தான். கதை நோர்மனின் நிறம்பற்றி ஏதும் கூறவில்லை; கூறவேண்டிய தேவை இருப்பதாகவும் அது உணரவில்லை. பிரதிநிதித்துவ மனிதன் எவன் என்ற வினாவுக்கு 1955ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு விடை சொல்லாமலே விளங்கிக்கொள்ளப்பட்டிருந்தது.

ஈழத்து வாசகர் இதனை அந்நியமான செய்தியாகக் கருத வேண்டியதில்லை. 1931இலேயே சர்வசன வாக்குரிமை பெற்ற நாடெனப் பெருமை கொள்கிறோம்; பெருமைக்குரியதே. ஆயின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. 1947இல் ஏழு ஆசனங்களை வென்ற இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1952இல் ஒன்றையேனும் பெற வழியிருக்கவில்லை. அசிமோவின் பாட்டனார் கொழும்பில் இருந்திருந்தாலும் எல்லோரும் வாக்களித்தனர் என்றே பேர்த்திக்குக் கூறியிருப்பார்.

அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் தென்மாநிலங்களின் நிலையைப் பெரிதும் மாற்றிற்று. பாரபட்ச வரலாறுடைய மாநிலங்கள் தமது தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்னும் ஏற்பாடே அதன் முதுகெலும்பு. எந்தெந்த மாநிலங்கள் அவ்வாறு கட்டுப்படும் என்பதை வகுத்த பிரிவை 2013இல், ஷெல்பி கவுண்டி வழக்கில், நாட்டின் உயர்நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்தது. ஒப்புதல் பெறும் கடப்பாடு அத்தோடு உயிரற்றுப்போயிற்று.

அசிமோவ் தம் கதைக்குத் தெரிந்தெடுத்த ஆண்டும் மாநிலமும் பின்னாளில் ஒரு விசித்திரமான உரையைப் பெற்றன. மெய்யான 2008ஆம் ஆண்டில் மெய்யான இந்தியானாவில் நடந்தவை இரண்டு. ஏப்ரில் மாதத்தில், வாக்களிக்க வருவோர் அரசாங்கம் வழங்கிய புகைப்பட அடையாளத்தைக் காட்டவேண்டுமென்ற அம்மாநிலச் சட்டத்தை உயர்நீதிமன்றம் ஏற்புடையதெனத் தீர்த்தது. அடுத்த மாதம் நடந்த கட்சி முன்தேர்தலில், சவுத் பென்ட் நகரத்துக் கன்னியர் மடமொன்றில் வாழ்ந்த ஏறத்தாழ ஒரு டசின் முதிய கன்னியாஸ்திரிகள் வாக்களிக்க முடியாது திரும்பினர். எண்பது, தொண்ணூறு வயதுகளைக் கடந்த அவர்களிடம் செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. வாக்குச்சாவடியிற் கடமையாற்றி அவர்களைத் திருப்பியனுப்பியவரும் அதே மடத்துச் சகோதரி ஒருவரே. அவர்கள் யாரென்பது அவருக்கு நன்கு தெரியும். நமது நாட்டிலும் அடையாள அட்டை கேட்கிறார்களே என்று வினவலாம். இங்கு அரசாங்கம் ஒவ்வொரு பிரசைக்கும் தேசிய அடையாள அட்டையை வழங்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பின்னரே அதனைக் கேட்கிறது. அமெரிக்காவில் அத்தகைய தேசிய அட்டை இல்லை.

இரண்டாவது நிகழ்ச்சி நவம்பரில். 1964க்குப் பின் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் எவரையும் ஆதரிக்காத இந்தியானா, பராக் ஒபாமாவை ஏறத்தாழ 28,000 வாக்குகளாற் தெரிந்தது. மல்ரிவக்கின் பிரதிநிதித்துவ மனிதனைப் பிறப்பித்த மாநிலத்தின் வாக்காளர், முந்திய நாற்பதாண்டுத் தரவுகளிலிருந்து எவரும் எளிதில் ஊகித்திருக்க முடியாத ஒன்றைச் செய்தனர். இதனாற்றான் வாக்கை அளவீடாகக் கருதுவோருடன் நான் உடன்படாதிருக்கிறேன். அளவீடு ஏற்கெனவே உள்ளதையே அறியும்.

இனிச் சீர்திருத்தங்கள். தேர்வாளர் குழாத்தை ஒழித்து நேரடித் தேர்தலைக் கொணரும் அரசியலமைப்புத் திருத்தம், மிக அண்மித்து வந்தது 1969இலாகும். முந்திய ஆண்டுத் தேர்தலில் இனப்பிரிவினைவாதியான ஜோர்ஜ் வலஸ் 46 தேர்வாளர்களைப் பெற்று, முடிவையே பேரம்பேசும் நிலைக்கு வரக்கூடுமென்ற அச்சத்தைத் தோற்றுவித்திருந்தார். பிரதிநிதிகள் சபை மூன்றில் இரண்டுக்கும் மிகக் கூடிய பெரும்பான்மையால் அத்திருத்தத்தை நிறைவேற்றியது; ஜனாதிபதி நிக்சனும் ஆதரித்தார். 1970இல் செனற் சபையில், தென்மாநிலத்தவரும் சிறு மாநிலத்தவருமான உறுப்பினர் சிலர் முடிவின்றிப் பேசி அதனைச் சாகடித்தனர். 1979இல் மீண்டும் வந்தபோது 51க்கு 48 எனப் பெரும்பான்மை கிடைத்தும் மூன்றில் இரண்டு கிடைக்கவில்லை. அதன் பின்னர் நேர்வழி அடைபட்டமையால், வெல்லும் மாநிலம் எதுவாயினும் நாடளாவிய வாக்கில் முதல்வருக்கே தமது தேர்வாளர்களை வழங்குவோம் எனச் சில மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொள்ளும் இயக்கம் 2007இல் மேரிலாண்டில் தொடங்கிற்று. 270 தேர்வாளர்கள் சேர்ந்தாலே அது நடைமுறைக்கு வரும். 2024இல் மெயின் இணைந்தபோது தொகை 209 ஆயிற்று.

இம்முயற்சியை நான் ஆதரிப்பவன். ஆயினும் அதன் ஆதரவாளர் பலர், வாக்குகளைக் கூட்டும் முறையைச் செப்பனிட்டாற் போதும் என்பதுபோற் பேசுவது எனக்கு உடன்பாடன்று. நாடளாவிய கூட்டுத்தொகையே தீர்ப்பதாயின், ஒரு மாநிலத்தில் ஒருவர் வாக்களிக்க முடியாது திரும்புவது ஐம்பது மாநிலத்தவரையும் பாதிக்கும். யார் வாக்களிக்கலாம் என்பதை மாநிலங்களின் விருப்புக்கு விட்டுவிட்டுக் கூட்டலை மட்டும் தேசியமயமாக்குவது அரைகுறைச் சீர்திருத்தம். புரூக்ஹேவன் நீதிமன்றப் புற்றரையை விடுத்து அமெரிக்க வாக்குச் சீர்திருத்தம் பேசுவது, கூரையை மாற்றி அத்திவாரத்தை மறப்பதாகும்.

தொகுதி எல்லை வகுத்தல் இதனினும் வெளிப்படையான கேடு. இதற்கு 1812ஆம் ஆண்டிலேயே மசசூசெற்ஸ் ஆளுநர் ஜெரியின் பெயரால் ஒரு வசைச்சொல் உருவாயிற்று. ஆனால் அன்று பேனாவால் மதிப்பிட்டுச் செய்ததை இன்று கணனி தெருவொழுங்கைகள்வரை சென்று செய்கிறது. 2012இல் பென்சில்வேனியாவில் பிரதிநிதிகள் சபைக்கு ஜனநாயகக் கட்சி பாதிக்குச் சற்று மேலான வாக்குகளைப் பெற்று, 18 ஆசனங்களில் ஐந்தை மட்டுமே வென்றது. மாநில நீதிமன்றம் அவ்வரைபடத்தைத் தள்ளி, புதிய வரைபடத்துடன் 2018இல் தேர்தல் நடந்தபோது ஆசனங்கள் ஒன்பதுக்கு ஒன்பதாயின. ஆயினும் அடுத்த ஆண்டே, கட்சி நோக்குடைய எல்லை வகுத்தல் தமது அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட அரசியல் வினா எனச் சமஷ்டி நீதிமன்றங்கள் கைகழுவ, உயர்நீதிமன்றம் வழிவிட்டது. 2025இல் டெக்சஸ் மாநிலம் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக இடைக்காலத்திலேயே எல்லைகளை மாற்ற, கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பின் மூலம் மறுகட்சிக்குச் சாதகமாக மாற்றிப் பதிலடி கொடுத்தது. வாக்காளன் பிரதிநிதியைத் தெரியுமுன் பிரதிநிதி வாக்காளனைத் தெரிந்துவிடும் இந்த ஏற்பாட்டிலேயே மல்ரிவக்கின் உண்மையான வாரிசு வாழ்கிறது. அசிமோவ் அதனை ஒரே பெரிய இயந்திரமாக, நடுநிலை வாய்ந்ததாகக் கற்பனை செய்தார். நடந்ததோ, ஒவ்வொரு கட்சியிடமும் ஒன்று.

இறுதியாக, வாக்காளன் தன் விருப்பங்களை வரிசைப்படுத்தி இடும் முறை. மெயின் அதனை 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஏற்று 2018இற் பயன்படுத்தியது. முதற் கணக்கெடுப்பில் பின்தங்கிய ஒருவர், பின் விருப்புகளைச் சேர்த்தபோது காங்கிரஸ் ஆசனமொன்றை வென்றார். அலாஸ்கா 2022இல் பின்தொடர்ந்தது. 2024இல் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஒறிகன் வாக்காளர் இத்தகைய முன்மொழிவுகளை நிராகரித்தனர். அலாஸ்காவில் இம்முறையை ஒழிக்கும் முயற்சி மிகச் சொற்ப வித்தியாசத்தாற் தோற்றது. சீர்திருத்தங்களுள் இதனையே நான் மேலாக மதிப்பேன். காரணம், மற்றவை எண்ணுவதை மாற்றுகின்றன. இது வாக்காளன் சொல்லக்கூடியதை அதிகரிக்கிறது. ஒருவனுக்கு ஆதரவு, அவனில்லையேல் மற்றவன், இன்னாருக்கு ஒருபோதுமில்லை என்று வாக்குச்சீட்டிற் பேசலாம். முட்டை விலையை மட்டும் கூற அனுமதிக்கப்பட்ட நோர்மனுக்கு மறுக்கப்பட்டது இதுவே.

ஆயினும் இம்முறையை அமெரிக்கர் புதுமையெனப் பேசும்போது நாம் சிறிது புன்னகைக்கலாம். இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் 1982இலிருந்தே மூன்று விருப்புகளை வரிசையிட வாக்காளனுக்கு உரிமை உண்டு. மெயினிற் போலப் படிப்படியாக ஒவ்வொருவரை நீக்காது, முதலிருவரை மட்டும் நிறுத்தி ஏனையோரின் வாக்குகளைப் பங்கிடுவது நமது முறை. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அதன் தேவை எழவில்லை. 2024 செப்ரெம்பரில் எவரும் பாதிக்கு மேல் பெறாமையால் முதன்முறையாக இரண்டாங் கணக்கெடுப்பு நடந்தது. முதலிருவர் தவிர்ந்த வேட்பாளருக்கு வாக்களித்தோர் ஏறத்தாழ 33 இலட்சம் பேர். அவ்வாக்குகளிலிருந்து முதலிருவருக்குமாகச் சேர்ந்த விருப்புகள் 2 இலட்சத்து 73 ஆயிரம் வரையிலேயே: அநுரகுமார திசாநாயக்கவுக்கு 105,264, சஜித் பிரேமதாசவுக்கு 167,867. ஏனைய 30 இலட்சம் சீட்டுகளும் அவ்விருவர் பற்றி மௌனமாக இருந்தன. அம்மௌனத்தில் எவ்வளவு மறுப்பு, எவ்வளவு அறியாமை என்பதை அச்சீட்டுகள் கூறமாட்டா. மெயினிலும் அலாஸ்காவிலும் இம்முறையை அறிமுகஞ்செய்தபோது மாதிரி வாக்குச்சீட்டுகளைக்கொண்டு வாக்காளருக்கு வரிசையிடக் கற்பித்தனர். நமது வாக்காளனுக்கோ புள்ளடியிடுவதே இன்றும் பழக்கம். இரண்டாம் விருப்பைக் கேட்டால் தன் வேட்பாளருக்குத் துரோகம் செய்யச் சொல்வதாக நினைப்பவர் படித்தவர் மத்தியிலும் உளர்.